மறு: 'கவரேஜ் கேப்': ஒரே சொல் போதுமா?

வணக்கம். இன்சூரன்ஸில் 'கவரேஜ் கேப்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடலாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'காப்பு இடைவெளி' என்றே வைக்கலாம். எளிது, எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறாகப் புரியும். மதுரை செல்லூரில் இருக்கும் என் அக்காவிடம் நேற்று கேட்டுப் பார்த்தேன். "வீட்டு இன்சூரன்ஸ்ல காப்பு இடைவெளின்னா என்னக்கா?" சட்டென்று பதில் வந்தது: "பாலிசி முடிஞ்சு, புதுப்பிக்காமக் கெடக்குற நாளுதானே?" அவள் சொன்னதே சரி. இடைவெளி என்ற சொல்லை அந்த நாள்களுக்கே விட்டுவிடுவோம்.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: பாலிசி நடப்பில் இருந்தும் பணம் வராமல் போவதற்கு. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். அக்கா வீட்டுக் கூடத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கோடு இன்னமும் சுவரில் இருக்கிறது. வெள்ளையடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து அந்தக் கோட்டுக்கு டேப் வைத்து அளந்தார். ஃபிரிட்ஜை எழுதிக்கொண்டார், கட்டிலை எழுதிக்கொண்டார். மோட்டார் பொருத்திய இரண்டு தையல் மிஷின்களிடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. ரவிக்கை தைத்துக் காசு வாங்குவதால் அவை தொழில் சாமான், வீட்டுச் சாமான் கணக்கில் வராது. வாசலில் மூழ்கிக் கிடந்த ஸ்கூட்டியும் அப்படித்தான். வண்டி வீட்டுப் பாலிசியில் சேராது. வண்டிக்கு இருந்ததோ மூன்றாம் நபர் பாலிசி மட்டும். நம் வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்குத்தான் அது, வெள்ளச் சேதத்துக்குத் தராது. இரண்டு பாலிசி இருந்தும் ஸ்கூட்டியை ஒன்றும் தாங்கவில்லை. அன்று அக்கா சொன்னது, "மிஷினு விட்டுப்போச்சேடா."

அந்த 'விட்டுப்போச்சு'தான் எனக்குச் சொல்லைத் தந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டது என்கிறோம், ரேஷன் அட்டையில் பிள்ளை விடுபட்டான் என்கிறோம். ஆகவே காப்பு விடுபாடு.

> 'விலக்கு' ஏற்கெனவே இருக்கிறதே?

விலக்கு கம்பெனி எழுதிவைக்கும் நிபந்தனை. விடுபாடு வீட்டுக்காரர் பக்கம் நிற்கும் ஓட்டை. விலக்கினால் விடுபாடு வரலாம். ஸ்கூட்டியைப் போல, இரண்டு பாலிசிக்கும் நடுவில் நாமே கவனிக்காததாலும் வரலாம். திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியவேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கவேண்டும் என்று கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசியில், வீடு நிற்கும் நிலம் உள்வாங்கினால் காப்பு உண்டு. புதுக் கட்டடம் அமர்வதால் விழும் சாதாரண வெடிப்புக்குக் கிடையாது. திருட்டும் அப்படியே: காப்புள்ள ஒரு சேதம் நடந்து 7 நாளுக்குள் திருடு போனால்தான் அடிப்படைப் பாலிசி தரும். சும்மா பூட்டை உடைத்துப் போனால் அது விடுபாடு.

இனி இரண்டாவது சொல். பொருள் காப்பில் இருக்கிறது, பணம் எட்டவில்லை. இதையும் விடுபாடு என்றால் குழப்பம். கட்டடத்துக்கு 15 லட்சம் காப்பு என்றால் வீட்டுச் சாமானுக்குத் தானாகச் சேருவது அதில் 20 சதவீதம், 3 லட்சம். (கட்டடத்தொகை எவ்வளவு பெரிதானாலும் இது 10 லட்சத்துக்கு மேல் போகாது, கூடுதல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கேட்டு வாங்கவேண்டும்.) 4 லட்சம் சாமான் போனால் 1 லட்சம் நம் தலையில். இதற்கு மதுரையில் யாரும் சொல் தேடமாட்டார்கள்: "ஒரு லட்சம் துண்டு விழுது." ஆகவே காப்புத் துண்டு.

> 'துண்டு' பேச்சு வழக்கு. கலைச்சொல்லுக்குத் தகுமா?

அரசு வரவுசெலவில் துண்டு விழுவதைப் பத்திரிகைகள் காலங்காலமாக எழுதுகின்றன. நிதித்துறைக்குத் தகும் சொல் நமக்கும் தகும். பழைய தீக்காப்புப் பாலிசிகளில் குறைத்துக் காப்பு எடுத்தவருக்குச் சிறு சேதத்திலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்: 30 லட்சம் பெறும் வீட்டை 15 லட்சத்துக்குக் காப்பு செய்து, 4 லட்சம் சேதமானால் கைக்கு வருவது 2 லட்சம். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு இல்லை. ஆனாலும் வீடு முழுசாகப் போனால் எழுதிய தொகைக்கு மேல் வராது. துண்டு அங்கேதான் பெரிசாக விழும். இன்னொன்று, சென்ட் விலையைச் சேர்த்துத் தொகை போடுகிறார்கள். மனைக்குக் காப்பு இல்லை. பரப்பளவைத் திரும்பக் கட்டும் செலவால் பெருக்குவதுதான் கணக்கு.

இலங்கை நண்பர்கள் 'காப்பு' என்பதற்குப் பதிலாகத் தங்கள் வழக்கான 'காப்புறுதி' என்பதையே முன்னால் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. 'டிடக்டிபிள்' (சேதத்தில் நாமே ஏற்பதாக ஒப்புக்கொள்ளும் பகுதி) என்பதற்கு வந்த 'தன்பங்கு' நன்றாக இருக்கிறது. ஆனால் அதைத் துண்டோடு சேர்க்கவேண்டாம். தன்பங்கு கையெழுத்துப் போடும்போதே தெரிந்த தொகை.

அக்காவின் பாலிசி வருகிற 12ஆம் தேதி புதுப்பிக்கணும். ஒரு தாளில் விடுபாடு, துண்டு, இடைவெளி என்று மூன்று கட்டம் போட்டு, வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் கட்டத்தில் தையல் மிஷினுக்கு அடுத்து, நான் சொல்லாமலே, கழுத்துச் சங்கிலியை எழுதியிருக்கிறாள். நகைக்குத் தனியாகக் கேட்டால்தான் காப்பு. மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் 12ஆம் தேதிக்குள் மடல் போடுங்கள், அவளிடம் அதையும் கேட்டுப் பார்க்கிறேன்.