கிரியேட்டினின் நார்மல், ஆனாலும் சிறுநீரில் புரதம்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

பல்லடத்திலிருந்து:
மாமனாருக்கு 58 வயது. தறிக்குடோன் வைத்திருக்கிறார். எடை 104 கிலோ, சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை மட்டும். வருடா வருடம் மாஸ்டர் செக்கப்பில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 0.9 என்று வரும், "கிட்னி நல்லா இருக்குதுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். போன வருடம் சிறுநீரில் நுரை நிற்கிறது என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். கோயமுத்தூரில் சிறுநீரக மருத்துவரிடம் கூட்டிப்போனோம். சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார், ஆல்புமின் என்பது ஒரு புரதம். 30க்குள் இருக்க வேண்டியது, 210.

எடையால் சிறுநீரகம் கெடுமா என்று கேட்டேன். கெடும் என்றார். ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். உடம்பு பெருத்தாலும் அவை கூடுவதில்லை. நாலு ஏக்கருக்குப் போட்ட மோட்டாரை வைத்து எட்டு ஏக்கருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போல, இருப்பவையே கூடுதலாக ஓடுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறி, வடிகட்டி வீங்கி, புரதம் கசிகிறது. அப்படியே விட்டால் தழும்பாகிவிடும். கூடுதலாக வடிகட்டும் அந்தக் காலத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறாது என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இத்தனை வருடமும் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்!

பிரஷர் மாத்திரையை மாற்றினார், புரதக் கசிவையும் குறைக்கும் வகை அது. சாயங்காலம் பேக்கரியில் டீயோடு தேங்காய் பன், பப்ஸ் சாப்பிடுவது நின்றது. ஊறுகாய், அப்பளமும் போயின. விடிகாலையில் தோட்டத்தைச் சுற்றி நடக்கிறார். ஒரு வருடத்தில் 9 கிலோ குறைந்தது, விகிதம் 80க்கு வந்திருக்கிறது. மாத்திரையா எடையா என்றால், இரண்டும்தான் என்கிறார் மருத்துவர்.

கோபியிலிருந்து:
அக்கா, எங்கள் அம்மாவுக்கு வேறு வழியில் வந்தது. எடையால் மூட்டுவலி, வலிக்கு மெடிக்கலில் தினமும் டைக்ளோஃபினாக். அந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று யாருமே சொல்லவில்லை. சிறுநீரகம் வடிகட்டும் திறன் 48 என்று குறைந்து வந்த பிறகுதான் நிறுத்தினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 55. குண்டாக இருப்பவர்களுக்கு மூட்டுவலி சகஜம், அதனால் இதைக் கண்டிப்பாகக் கேட்டுப் பாருங்கள்.

தாராபுரத்திலிருந்து:
எனக்கும் எடை அதிகம்ங்க. அந்த சிறுநீர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு போகணுமா?

பல்லடத்திலிருந்து:
வேண்டாம்ங்க தம்பி. காலையில் முதலில் போகும் சிறுநீர் கொடுத்தால் நல்லது. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் ஆறியபின் கொடுங்கள், இல்லாவிட்டால் சும்மாவே கூடுதலாகக் காட்டும். ஒருமுறை அதிகமாக வந்ததும் பயந்துவிட வேண்டாம், மூன்று மாதமாவது நீடிக்கிறதா என்று மறுபடியும் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்துகொண்டு போங்கள், நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது.