விசைப்பலகையில் தமிழ் தட்டும்போது தடுமாறிய கதைகள்: உங்களுடையதைச் சொல்லுங்கள்

வேளச்சேரி வாசி

2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, அடுத்த தெருவரை வந்து நின்றுவிட்டது. பொருள் சேகரிப்புக்கான அறிவிப்பை அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாறும் முறைதான் எனக்குத் தெரியும். 'ள' வேண்டுமென்றால் ஷிஃப்டை அழுத்தியாக வேண்டும். இரண்டு இரவு தூங்காத விரல் அழுத்தவில்லை. நாற்பது பிரதி எடுத்துக் கம்பம் கம்பமாக ஒட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், 'வெல்ல நிவாரணப் பொருட்கள் இங்கே பெறப்படும்.'

கிழித்துவிட்டு வேறு ஒட்டலாம் என்று திரும்புவதற்குள் ஒரு பாட்டி மஞ்சள் பையோடு வந்துவிட்டார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய இரண்டு அச்சு வெல்லம். "மண்டை வெல்லம் கிடைக்கவில்லை தம்பி, இது ஆகுமா?" என்றார். வாங்கிக்கொண்டு நோட்டில் 'அச்சு வெல்லம், 2' என்று எழுதினேன். அவர் கையெழுத்தும் போட்டார். இன்றும் ஷிஃப்ட் விசையில் சுண்டுவிரல் படும்போதெல்லாம் அந்தப் பைதான் கண்ணில் நிற்கிறது.

ஹையர் பாஸ்

ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடித்தால் வெள்ளமும் வெல்லமாகத்தான் போகும். நாங்கள் தட்டச்சுப் பயிலகத்தில் கற்றபோது ல, ள, ழ மூன்றுக்கும் மூன்று விசைகள். குழப்பமே கிடையாது.

ஆனால் எனக்கும் ஒரு வடு உண்டு. தட்டச்சுப் பொறியில் புள்ளி நகராத விசை. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும், தாளைத் தாங்கும் வண்டி அசையாது, பிறகு எழுத்து அதன் அடியில் வந்து விழும். லோயர் தேர்வன்று எனக்கு வாய்த்த பொறியில் அந்த விசை பழுது. தட்டியதும் வண்டி நகர்ந்துவிட்டது. புள்ளிகள் எல்லாம் தனித்தனி இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டன, எழுத்துகள் எல்லாம் மொட்டைத் தலையோடு நின்றன. சுற்றிலும் முப்பது பொறிகள் மழைபோல் பொழிகின்றன, நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேற்பார்வையாளர் வந்து தாளைப் பார்த்துவிட்டு, "கோலம் போட வந்தாயா?" என்று கேட்டார். அடுத்த முறைதான் தேறினேன்.

நூலக மிஸ்

பொறி பெருமை பேசும் ஹையர் பாஸ் அவர்களுக்கு: உங்கள் பழக்கம்தான் என்னைத் தலைகுனிய வைத்தது. எங்கள் பள்ளி நூலகப் பட்டியலைக் கணினியில் ஏற்றியவர் பொறியில் கை பழகியவர். ஏழாம் வகுப்புச் சிறுமி தேடலில் 'ஔவையார்' என்று அடித்தாள். ஒன்றுமில்லை. "நம் நூலகத்தில் ஔவையார் இல்லையா மிஸ்?" என்றாள். அவள் தோளுக்குப் பின்னால் அலமாரியில் ஆத்திசூடி உரை வரிசையாக நிற்கிறது!

அரை நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் 'ஔ' என்ற ஒற்றை எழுத்தை அடிக்காமல் 'ஒ', 'ள' என்று இரண்டாக அடித்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அதே பட்டியலில் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர' போட்ட தலைப்புகள் பதினாறு. 'ஸ்ரீ' மட்டும் பாவம், அதைக் கணினியில் இரண்டு விதமாகவே குறிக்கலாம். அதற்கு அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

தொண்ணூற்றொன்பது

அனைவருக்கும் வணக்கம். என் கதை சிறியது. வவுனியாவில் இருக்கும் சித்திக்குப் பார்சல் அனுப்ப முகவரி அடித்தேன், 'வ்வுனியா' என்று அச்சாகிவிட்டது. பார்சல் அலுவலகப் பையன் அதை வாய்விட்டுப் படிக்க மூன்று முறை முயன்றான்.

இது நான் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பின் குற்றமன்று, என் குற்றம். 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு அது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அ, இ, உ, புள்ளி, எ ஆகியவை இடது நடுவரிசையில். க, ப, ம, த, ந, ய வலது நடுவரிசையில். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற இணைகளுக்கும் அப்படியே. 'அம்மா', 'பக்கம்' என்று அடிக்கும்போது இது வரம். 'வவுனியா', 'மமதை' போன்றவற்றில்தான் காலை வாரும். இரண்டுக்கும் நடுவே அகரத்தைத் தட்டிவிட்டால் புள்ளி விழாது. வேளச்சேரி அண்ணா, ஷிஃப்ட் தொல்லை உங்களுக்கு இதில் அநேகமாக இருக்காது; வடமொழி எழுத்துகளுக்கு மட்டும்தான் வேண்டியிருக்கும். விசைப்பலகை மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயே போகும். படத்தைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். முதலில் நடுவரிசை மட்டும், நாளுக்கு இருபது நிமிடம். ஐபோனிலும் இந்த அமைப்பு இருக்கிறது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால்

வேளச்சேரி வாசி

தம்பி, கதை கேட்டால் வகுப்பு எடுக்கிறீர்கள். அதுவும் பாதியில் அனுப்பிவிட்டீர்கள்.

கொக்குவில் மகள்

நான் பாமினிக்காரி. இங்கே யாரும் அதைச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் ஒரு காலத்தில் கணினித் தமிழ் என்றாலே பாமினிதான். அது எழுத்துரு மட்டும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

அப்பா இறந்த இரவு மரண அறிவித்தலை நான்தான் அடித்து வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவுக்கு அனுப்பினேன். அவருடைய கணினியில் பாமினி இல்லை, வெறும் ஆங்கில எழுத்துதான் தெரிந்தது. தொலைபேசியில் அவர் அழுதுகொண்டே, "என்ன எழுதியிருக்கிறாய், ஒன்றும் விளங்கவில்லை, அப்பாவின் பெயர் எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். மேலிருந்து மூன்றாவது வரி, நடுவில், இரண்டு அரைப்புள்ளி இருக்கும் என்றேன். "கண்டுவிட்டேன்" என்றார். பிறகு நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

நூலக மிஸ்

கொக்குவில் மகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வேளச்சேரி அண்ணா, அந்த இரண்டு வெல்லம் என்ன ஆயிற்று?

வேளச்சேரி வாசி

மறுநாள் காலை முகாமில் சர்க்கரைப் பொங்கல். பாட்டிக்கும் ஒரு தொன்னை கொடுத்தோம். இனிப்பு குறைவு என்றார்.