சம்மதமின்றிச் சேர்க்கப்படும் குடிநோயாளிகளுக்கான பூட்டிய பிரிவை எப்படி நடத்துவது?

கேள்வி (மைய நிர்வாகி):
வணக்கம். இருபது படுக்கைகள் கொண்ட போதை மீட்பு மையம் ஒன்றின் நிர்வாகத்தை அண்மையில் ஏற்றேன். அவற்றில் ஆறு, வீட்டார் வற்புறுத்திச் சேர்ப்பவர்களுக்கான பூட்டிய பிரிவில் உள்ளன. சேர்ந்தவுடன் மொட்டையடித்து, சீருடை கொடுத்து, மூன்று மாதம் யாரையும் பார்க்கவிடாமல் வைப்பதே முன்பிருந்தவர்களின் வழக்கம். சென்ற வாரம் ஒரு தாய், "மூணு மாசத்துக்கு வெளிய விட்டுடாதீங்க சார்" என்று கையெழுத்திட்டுப் போனார். அந்தக் கையெழுத்து எனக்குப் போதுமானதா?

மறுமொழி (மனநல மருத்துவர்):
போதாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் உள்ளடக்குவதால், உங்கள் பூட்டிய பகுதி அந்தச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படியே இயங்க வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்பவர், விண்ணப்பித்த பிறகு, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல வல்லுநர் அல்லது மருத்துவரும் சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களிலோ தனித்தனியே பரிசோதித்து, அவர் அண்மையில் தமக்குத் தீங்கு செய்துகொள்ள முயன்றவர் அல்லது அப்படி மிரட்டியவர், பிறரிடம் வன்முறையாக நடந்தவர், அல்லது தம்மைப் பேண முடியாமல் ஆபத்தில் இருப்பவர் என்ற முடிவுக்கு வர வேண்டும். குடிக்கிறார், வேலைக்குப் போவதில்லை என்பது மட்டும் காரணமாகாது.

அப்படிச் சேர்த்தாலும் 30 நாட்கள்தான். அதற்கு மேல் வைக்க இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும் இச்சட்டப்படி அமைந்த மனநலச் சீராய்வு மன்றத்தின் அனுமதியும் வேண்டும். சேர்த்த தகவல் ஏழு நாட்களுக்குள், பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாட்களுக்குள், அம்மன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மொட்டையடிப்பதையும் சீருடையைத் திணிப்பதையும் 20ஆம் பிரிவு தடுக்கிறது. தனியறையில் அடைத்து வைப்பதை 97ஆம் பிரிவு தடுக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, சம்மதம் தரும் திறன் திரும்பிவிட்டதா என்று ஏழு நாட்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற விதியைத்தான். பத்தாம் நாளில் குடிநோயாளி பெரும்பாலும் தெளிந்து பேசுவார். அன்றைக்கு அவரை அடைத்து வைக்கும் காரணமே போய்விட்டிருக்கலாம். அப்போது கதவைத் திறந்து, "விருப்பப்பட்டு இருக்கிறீர்களா?" என்று கேட்கும் பணியாளர்கள் உங்களிடம் இருக்க வேண்டும்.

மறுமொழி (மனநலச் செவிலியர்):
டாக்டர் சொன்னதோடு முதல் மூன்று இரவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மணிக்கணக்கில் குறியுங்கள். குடியை நிறுத்துவதால் வரும் வலிப்பு பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், நடுக்கமும் குழப்பமும் சேர்ந்த கடுமையான நிலை இரண்டு மூன்று நாட்களில் தொடங்கும். சுவரில் ஊர்வதாக அவருக்குத் தோன்றிய, உண்மையில் இல்லாத பூச்சிகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்து "நடிக்கிறான்" என்று காவலாளி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டியவராக இருந்தார். தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம்.

சாவி அலுவலக மேசையில் இருக்கக் கூடாது. விழித்திருக்கும் இரவுப் பணியாளரின் கையில் இருக்க வேண்டும். ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அதன் பிறகும் கதவைப் பூட்டி வைத்தும் தீ விபத்துக்கான பயிற்சி இல்லாத மையங்களை நான் பார்த்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மறுமொழி (குடியை நிறுத்தி எட்டு ஆண்டுகள் ஆனவர்):
என்னை விடியற்காலையில் நான்கு பேர் பாயோடு தூக்கி வேனில் ஏற்றினார்கள். என் மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மையத்தில் நான் குடிக்கவில்லை, ஆனால் வெளியே வந்த அன்று மாலையே குடித்தேன். பின்னர் இன்னோர் இடத்தில் ஆலோசகர் ஒருவர் மகளோடு தொலைபேசியில் பேச விட்டார். அங்கே நானாகவே இருந்துவிட்டேன். அழைத்து வருவதற்கு ஆள் அனுப்பும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், ஐயா.

மறுமொழி (மைய நிர்வாகி):
நன்றி. வேன் நாளையிலிருந்து போகாது. அந்தத் தாயின் மகனை இன்று மதியம் இரு மருத்துவர்களும் பரிசோதிக்கிறார்கள். அதற்கு முன் அவர் வீட்டுக்குப் பேசத் தொலைபேசியைக் கொடுத்துவிட்டேன்.