கவினும் ஜெர்மன் நோட்டுகளும்

கவின்: சித்தப்பா, இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் நிற்கிறேன். 1000 மார்க் நோட்டு, 1910 என்று தேதி போட்டிருக்கிறது. நூறு வருஷப் பழசு என்று கடைக்காரர் தலையில் கட்டப் பார்க்கிறார். வாங்கட்டுமா?

சித்தப்பா: முத்திரை சிவப்பா, பச்சையா?

கவின்: பச்சை.

சித்தப்பா: வேண்டாம். தேதிதான் 1910. பச்சை முத்திரை முதல் உலகப் போருக்குப் பின்னால் அடித்துக் குவித்தது. சும்மா கிடைக்கும்.

மீனா அக்கா: 1000 மார்க்குக்கு மதிப்பே இல்லையா?

சித்தப்பா: பணவீக்கம் முற்றி 1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க், மீனா! அந்த வருஷம் 1000 மார்க் நோட்டு மேலேயே சிவப்பு மையில் 100 கோடி என்று அச்சுக் குத்தி வெளியே விட்டார்கள். கவின், அது இருந்தால் எடு.

கவின்: இருக்கிறது. டீ குடிக்கிற காசுதான். 10,000 மார்க்கும் இருக்கிறது, 1922. யாரோ இளைஞன் படம்.

சித்தப்பா: பழைய ஜெர்மன் ஓவியர் ட்யூரர் வரைந்தது. நோட்டைச் சாய்த்துக் கழுத்தைப் பார். ரத்தக் காட்டேரி தெரியும். போர் இழப்பீடு கேட்ட பிரான்ஸ்தான் அந்தக் காட்டேரி என்று அப்போது ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

மீனா அக்கா: போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எனக்குச் சட்டை மடிப்புதான் தெரிகிறது 😂

சித்தப்பா: எனக்கும் அப்படித்தான் 😄 சரி, நோட்கெல்ட் இருக்கிறதா கேள். ஜெர்மன் மத்திய வங்கியான ரைஷ்பாங்க் அடித்த பணம் போதாமல் ஊராட்சியும் கம்பெனிகளும் தாங்களே அடித்த அவசர நோட்டு. பீலெஃபெல்ட் ஊரில் பட்டுத்துணியிலேயே அடித்தார்கள்.

கவின்: ஒரு ஆல்பம் நிறைய இருக்கிறது. எலி பிடிக்கிறவன் படம்கூட.

சித்தப்பா: குழலூதி எலி பிடித்தவன் கதை வருகிற ஹாமெல்ன் ஊருடையது. 1921, 22 வாக்கில் வந்த இந்தப் படத் தொடர்களில் பலவும் சேகரிப்பவர்களுக்கு விற்கவே அடித்தவை. கடைவீதிப் பக்கம் போகாததால்தான் இன்னும் மொடமொடப்பு. விலை குறைவு, அழகு அதிகம். நான் சொல்வது இவ்வளவுதான்: சைபரை எண்ணி வாங்காதே, ஊரைப் பார்த்து வாங்கு.

கவின்: கடைசிப் பக்கத்தில் படமே இல்லாத ஒன்று. துரிங்கியா அரசு வங்கி, 1923. வெறும் எழுத்தும் எண்ணும்தான்.

சித்தப்பா: அதை வைத்துவிடாதே!! பவ்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வடிவமைப்புப் பள்ளியின் மாணவர் ஹெர்பர்ட் பாயர் வடிவமைத்தது. மறுபதிப்பு இல்லையே? தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

சித்தி: கவின், அது எவ்வளவுப்பா?

சித்தப்பா: கவின், எனக்குத் தனியாக அனுப்பு.