நோர்ட்லிங்கன் வெண்கல வாள்: 3,000 ஆண்டு கழித்தும் மினுங்குவது எப்படி?

கேள்வி: 2023-ல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து நோர்ட்லிங்கன் ஊரில் ஒரு கல்லறையில் கிடைத்த வாள் ஏன் துருப்பிடிக்கவில்லை? உலோகத்துக்குக் கார்பன் காலக் கணிப்பு செல்லாதே, கி.மு. 14-ஆம் நூற்றாண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில் 1: செந்துரு இரும்புக்குத்தான் வரும். இது வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும். மேலே படியும் மெல்லிய களிம்பே உள் உலோகத்தைக் காக்கும். காலத்தை வடிவம் சொல்லிவிடுகிறது: முழு வெண்கல எண்கோணப் பிடி அந்தக் காலத்து வகை. கூடவே புதைத்த பொருள்களையும் ஒப்பிடுவார்கள்.

பதில் 2: பிடியைப் பாருங்கள், அபாரமான வேலை! அலகின் (வெட்டும் தகட்டின்) மேலேயே பிடியை வார்த்திருக்கிறார்கள். இரண்டு ஆணிகள்தான் நிஜம். இன்னொரு ஜோடி வெறும் தோற்றம். அலகில் வெட்டுத் தழும்பு இல்லை. ஆனாலும் எடை முன்பக்கம் சாய்வதால், வெட்டுவதற்கு ஏற்ற வாள்தான்.

பதில் 3: தோண்டி எடுத்த பிறகுதான் ஆபத்து அதிகம். உள்ளே குளோரைடு (உப்பு வகை) இருந்து ஈரக்காற்றும் பட்டால் வெளிர்பச்சைப் பொடி கிளம்பி, உலோகம் குழிகுழியாக அரிக்கும். பொடியை உருப்பெருக்கியின் கீழ் சிறுகத்தியால் சுரண்டி எடுத்து, ஆல்கஹாலில் 3% பென்சோட்ரையசோல் (அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்) கரைத்து, அதில் பொருளை ஊறவைப்பார்கள். கையுறை கட்டாயம், அது நச்சு. பிறகு அக்ரிலிக் பூச்சு. பெட்டிக்குள் ஈரப்பதம் 40%-ஐத் தாண்டாமல் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் களிம்போடு சேர்ந்து தடயமும் போய்விடும்.