பட்டாளத்து அப்பா, ரேடியோ கடை, மறக்காத ஒரு சம்பவம்

கோவில்பட்டியான்:
அப்பா ராணுவத்தில் வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இஎம்இ பிரிவில் ரேடியோ மெக்கானிக். செகந்திராபாத்தில் பயிற்சி, 1965 சண்டையில் பஞ்சாப் பக்கம் ஒர்க்ஷாப் லாரியில் வேலை, முன்வரிசை எல்லாம் இல்லை. பென்ஷன் வந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ கடை. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே கதைதான் இருக்கும், விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. டிவியைக் கரண்டோடு திறந்து பார்க்கும்போது அப்பா இடது கையை பேண்ட் பைக்குள் விட்டுக்கொள்வார், வேட்டி கட்டிய நாளில் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார், வலது கை மட்டும்தான் உள்ளே போகும். போன வருஷம் ஐசியுவில் தலைமாட்டு மானிட்டர் கத்திக்கொண்டே இருந்தது. அப்பா கண்ணைத் திறந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் இடது கையை இழுத்து முதுகுக்கு அடியில் சொருகிக்கொண்டு வலது கையை மானிட்டர் பக்கம் நீட்டினார். நர்ஸ் ஓடிவந்து, பேஷண்ட் குழப்பத்தில் இருக்கிறார் என்று சொல்லி இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டார். அவர் குழம்பவே இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வேதாரண்யம் மருமகன்:
தம்பி, முதலில் ஒன்று. "முன்வரிசை எல்லாம் இல்லை" என்று எழுதாதீர்கள். பட்டாளத்து யூனிட்டோடு கூடவே போகிற இஎம்இ ஆட்கள் உண்டு, லைட் எய்ட் டிடாச்மெண்ட் என்பார்கள். ரேடியோ செட் பேசவில்லை என்றால் முன்னால் இருப்பவன் குருடன். கை விஷயம் சரிதான். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் கரண்ட் நெஞ்சு வழியாகத்தான் போகும், அதனால்தான் ஒரு கை. பிக்சர் டியூப் வேறு, சுவிட்சை அணைத்த பிறகும் சார்ஜ் பிடித்து வைத்திருக்கும்.

என் மாமனார் ஏர்போர்ஸ், ஜாலஹள்ளியில் படித்தவர். 1982-இல் இலங்கை டிவி ரூபவாஹினி வந்ததும் எங்கள் ஊரில் தண்ணிக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, தெற்குப் பார்த்துத் திருப்பித் திருப்பி "வருதா, வருதா" என்று கத்துவார். மெட்ராஸ் தூர்தர்ஷனே எட்டாத ஊரில் கொழும்புப் படம் தெரிந்தது.

அதை விடுங்கள், அம்மா இருக்கிறார்களா? அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு வரும் பேமிலி பென்ஷனைக் கவனியுங்கள். அப்பாவின் பட்டாளத்து டிஸ்சார்ஜ் புக்கில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் இழுத்தடிக்கும். இஎம்இ ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் செகந்திராபாத்தில்தான், தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், அங்கே எழுதித் திருத்துங்கள். நவம்பரில் லைப் சர்டிபிகேட், 80 தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். 80 வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடும், 85-இல் 30, 90-இல் 40. பேமிலி பென்ஷனுக்கும் இது உண்டு, நிறைய பேர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பிறந்த தேதி அவர்கள் ரெக்கார்டில் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கப்பல்காரர் மகள்:
அப்பாவைப் பற்றி எழுதியவருக்குப் பென்ஷன் வகுப்பா? நல்லா இருக்கு.

என் அப்பா நேவி. ஜாம்நகரில் வல்சுரா என்கிற நேவிப் பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரிகல் படித்து, 1971 டிசம்பர் பங்களாதேஷ் போரில் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் இருந்தவர். அந்தக் கப்பலில் இருந்து கிளம்பிய விமானங்கள்தான் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடித்தன. அதைக் கேட்டால் சொல்லமாட்டார். ஒரு பாய்லரில் விரிசல், முழு வேகத்தில் ஓட்ட முடியாமல் கப்பலை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத்தான் அரைமணி நேரம் சொல்வார்.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், டிவியில் படம் ஓடுகிறது, பஜ்ஜி தட்டு வந்த நேரம் பார்த்துத் திரை இருண்டுவிட்டது, சத்தம் மட்டும் வருகிறது. அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. "பாப்பா, என்னன்னு பாரும்மா" என்றார். நான் பட்டுப்புடவையோடு பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இ.எச்.டி பக்கம் டிரை சால்டர், அதாவது விட்டுப்போன ஈயப் பற்று ஒன்றைக் கண்டுபிடித்துப் பற்றவைத்தேன். புகை கூடம் முழுக்க. மாப்பிள்ளையின் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த இடம் அமையவில்லை. அம்மா ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அவரே எழுந்து ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம், ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று கேட்க நினைத்துக் கேட்காமலே அவர் போய்விட்டார்.

சிக்னல் பேரன்:
தாத்தா ஜபல்பூர் சிக்னல்ஸ். 1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி இறந்த சேதியை அகில இந்திய வானொலி சாயங்காலம் வரை சொல்லவில்லை, தாத்தா அதற்கு முன்பே ஷார்ட்வேவில் பிபிசி பிடித்துவிட்டார். தெரிந்தும் தெருவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சந்தைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் கடையடைப்பில் மாட்டி ராத்திரி நடந்தே வந்தார், வந்ததும் வாசலில் நின்று தாத்தாவைக் கன்னாபின்னா என்று திட்டினார். தாத்தா சொன்னது: "நம்ம ரேடியோ சொல்லாத சேதியை நான் பரப்பக் கூடாது." பாட்டியிடம் மட்டும் மதியமே மண்ணெண்ணெய் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். இதை என்னவென்று சொல்வது?

வேதாரண்யம் மருமகன்:
உங்கள் தாத்தா செய்ததுதான் சரி. கப்பல்காரர் மகளுக்கு: இ.எச்.டி இருக்கும் இடம் எப்போதும் சூடு, ஈயம் விட்டுப்போவது சகஜம். உங்கள் அப்பா மேல் சந்தேகப்படாதீர்கள். அவர் சும்மாதான் கூப்பிட்டிருப்பார்.

கப்பல்காரர் மகள்:
சார், பின்மூடியில் ஆறு ஸ்க்ரூ. அன்றைக்கு நான் கழற்றியது இரண்டு. மீதி நாலும் அப்பா சட்டைப் பையில் இருந்தன, மறுநாள் துணி துவைக்கும்போது அம்மா எடுத்துக் கொடுத்தார்.