பைபாஸுக்கு கால்ல இருந்து சிரை எடுத்து வைக்கிறாங்களே, அது தமனியோட வேலைய தாங்குமா?

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயசு, ஆஞ்சியோ பண்ணதுல மூணு ரத்தக்குழாய்லயும் அடைப்புன்னு வந்துருச்சு, ஸ்டென்ட் வச்சா சரிப்படாது பைபாஸ்தான்னு சொல்லி அடுத்த வாரம் தேதி குடுத்துட்டாங்க. நெஞ்சுல இருந்து ஒரு தமனி, மிச்சத்துக்கு கால்ல இருந்து சிரை எடுத்து வைப்போம்னு டாக்டர் சொன்னார், மேற்கொண்டு கேக்க நேரம் கிடைக்கல. பத்தாவதுல படிச்சது ஞாபகம் இருக்கு, தமனிக்கு சுவர் தடிமன், சிரைக்கு மெலிசு, உள்ள வால்வு வேற இருக்கும்னு. அப்ப அந்த மெலிசு குழாய் இதயத்துல இருந்து வர்ற வேகத்த தாங்குமா, வால்வு குறுக்க நிக்காதா? கால்ல இருந்து எடுத்துட்டா அந்த ரத்தம் எந்த வழியா மேல ஏறும்? அம்மா வேற கெட்ட ரத்தம் ஓடின குழாய்ல நல்ல ரத்தம் விடலாமான்னு கேட்டு அழுறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பச்சை_அங்கி:
தம்பி, நான் இதய ஆபரேஷன் தியேட்டர்ல டெக்னீசியன், கண்ணால பாக்குறத சொல்றேன். ரெண்டு குழாய்க்குமே மூணு அடுக்கு சுவர்தான். உள்ள வழவழன்னு ஒரு படலம், நடுவுல தசையும் மீள்நாரும், வெளிய உறை. தமனியில அந்த நடு அடுக்கு நல்லா தடிமனா இருக்கும், ஒவ்வொரு துடிப்புக்கும் விரிஞ்சு மறுபடி சுருங்கணும்ல. சிரையில அழுத்தம் ரொம்ப கம்மி, அதனால நடு அடுக்கு ஒல்லி. ஒல்லின்னு சொன்னதும் பயந்துறாதீங்க, நம்ம பிபி 120ன்னா நல்லா இருக்குற கால் சிரை ஆயிரத்துக்கு மேல அழுத்தம் குடுத்தாதான் கிழியும், லேப்ல சோதிச்சு பார்த்த விஷயம் இது. எடுத்த உடனே சர்ஜன் அதுக்குள்ள மெதுவா திரவம் ஏத்தி ஓட்டை இருக்கான்னு பார்த்து, பக்கக் கிளைய எல்லாம் கிளிப் போட்டு அடைச்சிட்டுதான் தைப்பாரு.

வால்வு விஷயம் நீங்க கேட்டது சரியான கேள்வி. சிரைய தலைகீழா திருப்பி வைப்பாங்க, கணுக்கால் பக்கம் இருந்த முனைய மகாதமனியில, அதாவது இதயத்துல இருந்து கிளம்புற பெரிய குழாய்ல தைச்சு, தொடைப் பக்க முனைய அடைப்பு தாண்டி இதயத் தமனியில தைப்பாங்க. அப்ப ரத்தம் போற திசையும் வால்வு திறக்குற திசையும் ஒண்ணாயிடும், குறுக்க நிக்காது.

ஆனா ஒண்ண மறைக்காம சொல்லணும். தமனி அழுத்தத்துக்கு வந்த சிரை சும்மா இருக்காது, சுவரு தடிச்சுகிட்டே வரும், கொஞ்சம் தடிச்சா நல்லது, ரொம்ப தடிச்சா உள்வழி குறுகி கொழுப்பும் படிய ஆரம்பிச்சிடும். பத்து வருஷத்துல கிட்டத்தட்ட பாதி சிரை கிராஃப்ட்ல, அதாவது இப்படி எடுத்து தைச்ச சிரையில, அடைப்பு வந்துரும்னு வழக்கமா சொல்ற கணக்கு. நெஞ்சுத் தமனி, நாங்க லீமான்னு சொல்றது, பத்து வருஷம் கழிச்சும் பத்துல ஒன்பதுக்கு மேல நல்லா ஓடும், அது பிறந்ததுல இருந்தே தமனி, உள்படலமும் கொழுப்பு படிய அவ்வளவு சீக்கிரம் இடம் குடுக்காது. அதனாலதான் இருக்குறதுலயே முக்கியமான முன்பக்க குழாய்க்கு லீமாவ வைக்கிறாங்க.

செவ்வந்தி_ஃபிசியோ:
கால் பத்தி நான் சொல்றேன் தம்பி. எடுக்குறது தோலுக்கு அடியில உள்கணுக்கால்ல இருந்து தொடை வரைக்கும் போற நீளமான சிரை, உடம்புலயே நீளமான சிரை அதுதான். ஆனா கால் ரத்தத்துல பத்துல ஒன்பது பங்கு தசைக்கு நடுவுல ஆழத்துல இருக்குற சிரை வழியாதான் மேல போகுது, அத யாரும் தொட மாட்டாங்க. நின்னுட்டு இருக்கும்போது பாதத்துல சிரை அழுத்தம் பிபி கணக்குல 90 வரைக்கும் போகும், நடந்தா கெண்டைக்கால் தசை பிழிஞ்சு பிழிஞ்சு மேல தள்ளுறதுல 30க்கு கிட்ட இறங்கிடும். தள்ளின ரத்தம் கீழ திரும்பாம புடிக்கிறதுதான் வால்வோட வேலை, நம்ம கிணத்து மோட்டார் குழாய்க்கு அடியில மாட்டுற ஃபுட் வால்வு போலதான். அதனால ஆபரேஷன் முடிஞ்சதும் நடக்க சொல்றப்ப அப்பாவ தயங்க விடாதீங்க. கொஞ்ச நாள் கால் வீங்கும், படுக்கும்போது தலையணை வச்சு உயரத்துல வைங்க, சாக்ஸ் குடுத்தா மாட்டுங்க, உள்கணுக்கால் பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கும், அந்த சிரைய ஒட்டியே ஒரு நரம்பு போகுது, அதான். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வலிச்சு கல்லு மாதிரி இறுகினா, இல்ல தையல் இடம் சிவந்து காய்ச்சல் வந்தா உடனே கூட்டிட்டு போயிருங்க.

விலங்கியல்_வாத்தியார்:
அம்மாகிட்ட இப்படி சொல்லுங்கப்பா. சிரையில ஓடுறது கெட்ட ரத்தம் இல்ல, ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம், அவ்வளவுதான், அதே ரத்தம்தான் நுரையீரலுக்கு போயிட்டு வந்து தமனியில ஓடுது. இன்னொண்ணும் பாருங்க, இதயத்துல இருந்து நுரையீரலுக்கு போற தமனியில ஓடுறதும் ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம்தான், நுரையீரல்ல இருந்து திரும்புற சிரையிலதான் ஆக்சிஜன் நிறைஞ்சது வருது. இதயத்த விட்டு போனா தமனி, இதயத்துக்கு வந்தா சிரை, குழாய்க்கு வேற தீட்டு கிடையாது.

இந்த வால்வ 1603லயே இத்தாலியில பதுவா ஊர்ல உடற்கூறு சொல்லிக் குடுத்த ஃபாப்ரிசியஸ் படம் போட்டு எழுதிட்டாரு, ஆனா எதுக்குன்னு அவருக்கு பிடிபடல. அவர்கிட்ட படிச்ச வில்லியம் ஹார்வி மேல்கையில துணி கட்டி புடைச்ச சிரைய விரலால தடவி, ரத்தம் ஒரே பக்கம்தான் போகும், எதிர்ப்பக்கம் தள்ளினா நிக்கும்னு காட்டி, ரத்தம் சுத்தி வருதுன்னு 1628ல புத்தகமா போட்டாரு. நடுவுல தமனியையும் சிரையையும் இணைக்கிற தந்துகிய அவர் பாக்கல, 1661ல இத்தாலி விஞ்ஞானி மால்பிகி தவளை நுரையீரல்ல மைக்ராஸ்கோப் வச்சு கண்டுபிடிச்சாரு. கால் சிரைய வச்சு பைபாஸ் பண்றத 1967ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல ரெனே ஃபவலோரோ ஆரம்பிச்சாரு, அர்ஜென்டினாக்காரர், அதுக்கு முன்ன பல வருஷம் கிராமத்துல வைத்தியம் பார்த்தவரு. அதுல இருந்து உலகம் பூரா இதுதான் நடக்குது, தைரியமா இருங்க.

கரிசல்காட்டான்:
ரொம்ப நன்றி சார், அண்ணே, அக்கா. அம்மாவுக்கு வாசிச்சு காட்டினேன், இப்பதான் சாப்பிட்டாங்க. இன்னும் ஒண்ணு, அப்பாவுக்கு இடது கால்ல ரொம்ப வருஷமா நரம்பு சுருட்டிகிட்டு புடைச்சு இருக்கு, அதையா எடுப்பாங்க? பீடியும் உண்டு.

பச்சை_அங்கி:
அத எடுக்க மாட்டாங்க தம்பி. அது வால்வு கெட்டு ரத்தம் தேங்கி சுவரு தொளதொளன்னு ஆன சிரை, பைபாஸுக்கு ஆகாது. கால்ல டாப்ளர் ஸ்கேன் பண்ணி வலது கால் சிரை எப்படி இருக்குன்னு பாப்பாங்க, பத்தலன்னா கையில பெருவிரல் பக்கம் ஓடுற தமனிய எடுக்கலாம், சுண்டுவிரல் பக்கத் தமனி கைக்கு போதுமான ரத்தம் குடுக்குதான்னு அமுக்கிப் பார்த்துட்டுதான் எடுப்பாங்க. பீடிய இன்னிக்கே நிறுத்தணும், புகைதான் சிரை கிராஃப்ட்ட சீக்கிரம் அடைக்கிற பெரிய காரணம், மயக்க டாக்டர் கேட்டா எத்தனை பீடின்னு உள்ளத சொல்லுங்க. அப்புறம் குடுக்குற ஆஸ்பிரினையும் கொழுப்பு குறைக்கிற மாத்திரையையும் டாக்டர் சொல்லாம ஒரு நாளும் விட வேணாம்.